கில்ஹூலி டாங்க் ரோடு ரஃப்பா, இல்லையா

இப்போதெல்லாம் ஒருவனிடம் போய் ரோடு மோசமாக இருக்கிறது என்று சொன்னால் அவன் ரோட்டைப் பார்ப்பதில்லை. நம் வாயைப் பார்க்கிறான். "எந்த அர்த்தத்துல சொல்றீங்க?" என்று கேட்டு ஒரு ஃபாரத்தை நீட்டுகிறான். நான் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலி போடப் போனவன். ஐம்பத்தைந்து வருஷம் கம்பி இழுத்தேன். எந்தக் கம்பியும் என்னிடம் அர்த்தம் கேட்டதில்லை.

என் பேர் ஆல்ஃப் பென்ரோஸ். வயது எழுபத்தெட்டு. வில்காட்டா ஊரிலிருந்து கிளம்பினால் கில்ஹூலி டாங்க் ரோட்டில் இருபத்துமூன்று கிலோமீட்டர். அந்த ரோட்டின் கடைசி வீடு என்னுடையது. மண் ரோடு. வருஷம் ஒரு தடவை, எங்கள் வட்டாரத்து ஊராட்சியான ஷயர் ஆபீசிலிருந்து கிரேடர் வண்டி வந்து மேட்டையெல்லாம் சீவிவிட்டுப் போகும். இந்த வருஷம் வரவில்லை. ரோடு முழுக்க, கூரைக்குப் போடும் நெளிதகரம் மாதிரி வரிவரியாக எழும்பி நின்றது.

வேறு வருஷமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். மார்ச் மாதம் என் பெண்டாட்டி பெரிலுக்கு இடுப்பு எலும்பை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்டார்: "வீட்டுக்குப் போற ரோடு எப்படி?" நான் உள்ளதைச் சொன்னேன். "ரஃப்." அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்ப ரோடு சரியாகற வரைக்கும் அவங்க ஊருக்குள்ளேயே இருக்கட்டும். குலுங்கவே கூடாது."

ஆக பெரில் ஊருக்குள் அவள் தங்கை நோலா வீட்டில் இருந்தாள். நான் ரோட்டின் இந்தக் கோடியில் டின் பீன்ஸ் தின்றுகொண்டிருந்தேன். ஏழு வாரம். நோலாவுக்கும் எனக்கும் ஆகாது. அவள் என்னைக் கண்டால் நாற்காலி மேல் பழைய துணி விரித்துத்தான் உட்காரச் சொல்வாள். வீட்டில் நாயும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது.

ஷயர் ஆபீசுக்குப் போனேன். அங்கே ரோட்டுக்குப் பொறுப்பு ராஸ் பிக்ஃபோர்ட். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவன் அப்பனுக்கு நான் வேலி போட்டிருக்கிறேன்.

"ராஸ், ரோடு ரஃப்பா இருக்கு. கிரேடரை அனுப்பு."

"ஆல்ஃப், தயவுசெஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ரஃப்."

விஷயம் இதுதான். போன வருஷம் பட்டணத்துக்காரன் ஒருவன் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு எங்கள் ரோட்டில் வந்தான். ரோட்டு முனையில் 'ரஃப் ரோடு' என்று பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்கிறான். கேரவனில் கதவு ஓரிடம், அடுப்பு ஓரிடம், மாமியார் கட்டில் ஓரிடம் என்று பத்து கிலோமீட்டருக்கு விழுந்து கிடந்தது. வழக்குப் போட்டான். அவன் வக்கீல் கோர்ட்டில் எழுந்து, ரஃப் ரோடு என்றால் தோராயமாக ஒரு ரோடு என்றுதான் என் கட்சிக்காரர் புரிந்துகொண்டார், போகப்போக நல்ல ரோடாக மாறும் என்று நம்பினார் என்று சொல்லியிருக்கிறான். கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்களாம். ஷயரின் இன்சூரன்ஸ்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று முடிவாகும்வரை ஷயரில் யாரும் அதைச் சொல்லவோ எழுதவோ கூடாது என்று கடிதம் போட்டுவிட்டான்.

"சரி, வார்த்தையை நீ வெச்சுக்க. கிரேடரை அனுப்பு."

"விதியில ரஃப்பான ரோட்டுக்குத்தான் கிரேடர்னு போட்டிருக்கு. எது ரஃப்புன்னு தெரியாம எப்படி அனுப்பறது?"

"நீ வந்து பாரேன்."

"பார்த்தா மட்டும் எனக்குத் தெரிஞ்சிடுமா?" என்றான். உண்மையாகத்தான் கேட்டான்.

இந்த ஊரில் மனுஷனுக்கு நோய் என்றால் டாக்டர் வர ஒரு மாதம் ஆகும். ஒரு வார்த்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் அடுத்த வாரமே விமானம் ஏறி ஒரு டாக்டர் வந்தாள். இமோஜன் ஸ்லாடெக் என்று பேர். வார்த்தைகளுக்கு மட்டும் டாக்டர். இடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேட்டுப் பார்த்தேன்.

நினைவு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டீயும் ஸ்கோனும் உண்டு என்று சொன்னதால் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு ஷூ டப்பா நிறைய வெற்று அட்டைகளை வைத்துக்கொண்டு மேடையில் நின்றாள்.

"இந்த வார்த்தையை நீங்க எப்பெப்பல்லாம் சொல்வீங்க? யோசிக்காம சொல்லுங்க."

யோசிக்காமல் பேசுவதில் ட்ரெவர் மாடிக் முந்திக்கொள்வான். பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரன், நாற்பது வருஷமாக என்னைக் கிண்டல் பண்ணியே காலம் தள்ளுகிறவன். "நேத்து பப்புல கொஞ்சம் அதிகமாயிடுச்சு. காலைல எந்திரிச்சா ரஃப்பா இருந்துச்சு."

அவள் ஓர் அட்டையில் 'உடம்பு சரியில்லாமை' என்று எழுதினாள்.

"அவன் கடைசியா எந்த வருஷம் சரியா இருந்தான்னும் எழுதிக்கங்க" என்றாள் பப் நடத்தும் க்வென்.

அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கால்பந்துக் குழுக்காரன், போன சனிக்கிழமை நடுவர் எங்களை ரஃப்பா நடத்தினார் என்றான். 'அநியாயம்' என்று ஓர் அட்டை. எத்தனை ஆடு என்று யாரோ கேட்டால் ரஃப்பா நூற்றைம்பது என்போம் என்றான் ஒருத்தன். 'தோராயம்.' மர அறுவைக்காரன் இழைக்காத பலகை என்றான். க்வென், தன் தம்பி சிட்னியில் வீடு வாசல் இல்லாமல் பார்க்கில் ரஃப்பா படுக்கிறான் என்றாள். 'வெட்டவெளியில் தூக்கம்.' ட்ரெவர் தன் ஸ்கோனை அவள் தட்டில் வைத்தான். நான் எழுந்து, என் ரோடு மேடும் பள்ளமுமாக இருக்கிறது, அதுதான் ரஃப், மற்றதெல்லாம் அளப்பு என்றேன். அதையும் அட்டையில் எழுதினாள். என் அட்டையும் அந்த டப்பாவில் மற்ற அட்டைகளோடு போய்ப் படுத்துக்கொண்டது.

"எல்லாம் சரி. ஆனா மூலத்துல பார்த்தா," என்றாள் அந்த அம்மாள், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இதுக்கு முடி நெறஞ்சதுன்னு ஓர் அர்த்தம். சடை விழுந்த ஆடு, சடை நாய், முரட்டுக் கம்பளி. சீர்பண்ணாத நெலத்தையும் அப்படிச் சொல்வாங்க. அப்ப கடைசியில 'ஃப்'ங்கற சத்தமும் கெடையாது. தொண்டையிலேர்ந்து காறுற மாதிரி வரும்."

அந்தச் சத்தத்தைப் போட்டும் காட்டினாள்.

"இன்னைக்குக் காலைல நான் போட்டது இதே சத்தந்தான்" என்றான் ட்ரெவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா, அப்ப என் ரோட்டுக்கு முடி மொளைச்சாத்தான் கிரேடர் வருமா?"

மண்டபமே சிரித்தது. ராஸ் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டான். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது.

பத்து நாளில் ஃபாரம் வந்தது. ஏழு அர்த்தம், ஏழு கட்டம். ஏழில் குறைந்தது நாலு தேற வேண்டும். அந்த நாலில் ஏழாவது கட்டம், அதாவது ரோட்டின் மேற்பரப்பு, கட்டாயம் இருக்க வேண்டும். அதை அளக்க ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்களாம். ராஸும் அந்த அம்மாளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பின்பக்கம் திறந்த ஷயரின் யூட் வண்டியில் என் கேட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

முதல் கட்டம், முடி. ரோட்டின் நடுவே சக்கரம் படாத இடத்தில் புல் வளர்ந்திருந்தது. அந்த அம்மாள் மண்டிபோட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தாள்.

"பதினோரு சென்டிமீட்டர்."

"புல்லை முடின்னு எடுத்துக்கலாமா?" என்றான் ராஸ்.

அவள் புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். "சடைன்னு எடுத்துக்கலாம்."

'உண்டு' என்று போட்டான்.

"அநியாயம்?" என்று என்னைப் பார்த்தான்.

"ஏழு வாரமா வீட்டுல பொண்டாட்டி இல்லாம பீன்ஸ் திங்கறேன்."

உண்டு. "உடம்பு சரியில்லாமை?" பீன்ஸ் என்றேன். மேற்கொண்டு கேட்காமல் உண்டு போட்டான். தோராயத்துக்கு ரோட்டின் நீளத்தைப் பார்த்தார்கள். பலகையில் இருபத்துமூன்று, ராஸின் வரைபடத்தில் இருபத்திரண்டு, என் வண்டி காட்டுவது இருபத்துநாலு. உண்டு. இழைக்காதது என்பதற்கு ரோட்டை ஒரு தடவை பார்த்ததே போதும் என்றார்கள். வெட்டவெளியில் தூக்கம் ஒன்றுதான் பாக்கி. ரோட்டில் யாராவது படுக்கிறார்களா என்று கேட்டான். திரும்பிப் பார்த்தால் என் நாய் நடுரோட்டில் நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறுக்கு ஆறு. ராஸ் முகமும் மலர்ந்துவிட்டது. "இனிமே பெட்டி மட்டுந்தான் ஆல்ஃப். வெள்ளிக்கிழமை கிரேடர் வந்துடும்."

நான் அன்றைக்கே நோலா வீட்டுக்குப் போய் பெரிலின் பெட்டியைக் கட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அளக்கும் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. வழக்கமாக அந்த ரோட்டில் போகிற ஆள், வழக்கமாகப் போகிற மாதிரி வண்டியை ஓட்ட வேண்டும். பெட்டி குலுக்கலை எண்ணிக்கொண்டு வரும். ராஸ் சாவியை என்னிடம் கொடுத்தான். பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். நடுவில் அந்த அம்மாள். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. குலுக்கலை எண்ணுவதற்கு விளக்கு எதற்கு? நாம் பேசுவதைப் பதிவு பண்ணி இன்சூரன்ஸ்காரனுக்கு அனுப்புகிற பெட்டி என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

மாடு தாண்டாமல் இருக்க ரோட்டுக்குக் குறுக்கே போட்ட இரும்புக் கம்பிகளைத் தாண்டினேன். அதற்கு அப்புறம் இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் நினைத்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும். மிதித்தேன். அறுபது, எழுபது, எண்பது. எண்பதில் வண்டி போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்க நேரமில்லை, மேட்டின் தலையை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகும். முப்பதில் போனால் பல் கழன்று மடியில் விழும். என் அப்பா எனக்குக் காட்டினார், நான் பெரிலுக்குக் காட்டினேன். ராஸும் பதினாலு வயதிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறான். அதனால் அவனுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த அம்மாள் மடியில் அட்டையை வைத்து மணிமணியாக எழுதிக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "எவ்வளவு சுகமா இருக்கு" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். பெட்டிக்குப் பயந்து பதில் சொல்லவில்லை.

ஊர் எல்லையில் நிறுத்தினேன். பெட்டி ஒரு காகிதத்தைத் துப்பியது. ராஸ் அதை அப்படியும் இப்படியும் திருப்பினான். காகிதத்தின் நடுவே ஒரு கோடு. செத்தவன் நாடி மாதிரி நேர்கோடு.

"பெட்டி கெட்டுப்போச்சு" என்றேன்.

"புதுப் பெட்டி ஆல்ஃப்."

"அப்பப் பொய் சொல்லுது."

ராஸ் என்னைப் பார்த்தான். வண்டியின் வேகமானியைப் பார்த்தான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"திரும்பிப் போவோம். நாப்பதுல ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

"நாப்பதுல யாரு போவா? வழக்கமா போற மாதிரின்னு விதி."

"பட்டணத்துக்காரன் போனானே."

"அவன் வழக்கமா போற ஆளில்லையே." ராஸுக்கே பாவமாகத்தான் இருந்தது. "வருஷத்துக்கு ஒரு அளவுதான் ஆல்ஃப். அடுத்த ஏப்ரல்ல பார்ப்போம்."

"நீயும் வண்டியில இருந்தேல்ல. மெதுவா போன்னு சொல்ல வாயில்லையா?"

"நீங்க ஓட்டினது எனக்கு மெதுவாத்தான் தெரிஞ்சுது."

அந்த வாரமே சான்றிதழ் வந்துவிட்டது. கில்ஹூலி டாங்க் ரோடு முடியுள்ளது, அநியாயமானது, தோராயமானது, இழைக்காதது, உடம்புக்கு ஒவ்வாதது, தூக்கத்துக்கு உகந்தது, ஆனால் வழவழப்பானது. கீழே ராஸின் கையெழுத்து. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நோலா வீட்டுக்குப் போனேன். நோலா நாற்காலியில் துணியை விரித்தாள்.

நடந்ததைச் சொன்னேன். பெரில் வாக்கரைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"எவ்வளவு வேகத்துல போன?"

"எப்பவும் போறதுதான்."

"ஆல்ஃப்."

"எண்பது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரிக்க முடியாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நோலா ஓடிவந்து, "அவளைச் சாகடிக்கவா வந்தே?" என்று என்னைத் திட்டினாள்.

"அடுத்த ஏப்ரல் வரைக்கும் நீ இங்கதான்" என்றேன் நான்.

பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு? ரோடு சரியா இருந்தா போலாம்னாரு. வழவழப்புன்னு ஷயர் முத்திரை போட்டுக் குடுத்திருக்கு. அவருக்கு ஃபோன் போட்டு இதைப் படிச்சுக் காட்டறேன். நோலா, என் பெட்டியை எடு."

"அந்தக் காகிதம் பொய் பெரில்."

"எண்பதுல பொய் இல்லையே. இத்தனை நாளா எண்பதுல குலுங்கிச்சுன்னு நான் சொன்னேனா? டாக்டர்கிட்ட ரஃப்புன்னு சொன்னது யாரு?"



டாக்டர், முத்திரை இருந்தால் சரி என்றுவிட்டார். நோலா ஒரு ஸ்பாஞ்ச் கேக் செய்து தட்டோடு பெரிலின் மடியில் வைத்தாள். எனக்காக அல்ல என்பதையும் சொன்னாள். ஊர் எல்லை தாண்டியதும் மிதித்தேன். பெரில் கேக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேலே தூவிய சர்க்கரை கூடச் சரியவில்லை. இருபத்துமூன்றோ இருபத்துநாலோ கிலோமீட்டர், அவள் ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் நான் அந்த ரோட்டை நம்பவில்லை.

என் கேட்டுக்கு முன்னால் ராஸ் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான். ரோட்டின் இந்தக் கோடியிலும் ஒரு 'ரஃப் ரோடு' பலகை உண்டு, என்னைத் தவிர யாரும் பார்க்காத பலகை. அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"வாங்க பெரில். வழி எப்படி இருந்துச்சு?"

"கேக்கைப் பாரு" என்றாள் பெரில்.

கேட்டிலிருந்து வீட்டுக்கு நானூறு மீட்டர் தடம். அது ஷயருடையதல்ல, என்னுடையது. பெரில் அதைப் பார்த்தாள். போன மழைக்கு முந்தின மழையில் விழுந்த பள்ளத்தையும், நான் அப்புறம் எடுக்கலாம் என்று விட்ட கல்லையும், நடுவில் குறுக்கே ஓடும் வாய்க்காலையும் பார்த்தாள். நானூறு மீட்டரில் எண்பதுக்கு ஏற்ற முடியாது, ஏற்றினால் வண்டி சமையலறைக்குள் போய்த்தான் நிற்கும்.

"ராஸ், உன் பெட்டி இதை அளந்துச்சா?" என்றாள்.

"இது எங்க ரோடு இல்லையே."

"அதான் கேக்கறேன்."

ராஸ் கையிலிருந்த பலகையை என் பக்கம் நீட்டினான். "இதை வெச்சுக்கறீங்களா ஆல்ஃப்? சொந்த எடத்துல வெக்கறதுக்கு ஃபாரம் வேண்டாம்."

"என் தடத்துக்கு எதுக்கு அது?"

"ரஃப்பா இருக்கே."

"எந்த அர்த்தத்துல?" என்றேன்.

பெரில் மடியிலிருந்த கேக்கில் ஒரு துண்டு வெட்டி ஜன்னல் வழியாக ராஸிடம் நீட்டினாள். "உக்காரு ராஸ். இவன் தடத்தைச் சரிபண்ற வரைக்கும் நான் வண்டியை விட்டு எறங்கறதா இல்ல. ஏழு வாரம் உக்காந்தேன், இன்னும் ஒரு மணி நேரம் உக்கார மாட்டேனா?"

"தடத்துல கோளாறு ஒன்னுமில்ல" என்றேன். "எப்பவும் இப்படித்தான் இருக்கு."

"அப்ப எங்க போற?"

"டிராக்டர் ரொம்ப நாளா சும்மா நிக்குது. ஓட்டிப் பாக்கணும். பின்னால மண் சீவற அந்தப் பழைய தண்டவாளத்தைக் கட்டித் தடத்து மேல இழுத்தா இன்ஜினுக்கு நல்லது."

பெரில் ராஸைப் பார்த்தாள். ராஸ் கேக்கைப் பார்த்தான்.

நான் கேட்டைத் திறந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். நாய் எழுந்து என் பின்னால் வந்தது, ஏழு வாரத்தில் முதல் தடவை. பாதி தூரத்துக்குள் இரண்டு இடத்தில் கால் மடங்கியது. பூட்ஸ் பழசு.